உண்ணி எண்ணப் போன மருமகள்

உண்ணிக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று என்னிடம் கேட்காத ஜீவன்கள் இரண்டுதான். ஒன்று மாடு, இன்னொன்று உண்ணி. மற்ற எல்லோரும் கேட்டுவிட்டார்கள். திருக்கோகர்ணத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மா கேட்டார். டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் என் மடியில் இருந்த தாளில் 'மாட்டு உண்ணிகளின் பெருக்கமும் கட்டுப்பாடும்: ஒரு கணித மாதிரி' என்ற தலைப்பைப் படித்துவிட்டு, டிக்கெட் கிழிக்க மறந்து நின்று கேட்டார். என்னைப் பெற்ற அம்மா வருஷம் தவறாமல் கேட்கிறார். சம்பந்தி வீட்டாரிடம் "பொண்ணு கணக்குல டாக்டர் பட்டம் வாங்கப்போறா" என்று பெருமையடித்துக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். எதைப் பற்றி என்று யாராவது கேட்டால் மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்.

சம்பந்தம் ரொம்ப எளிது. பெண் உண்ணி மாட்டின் மேல் உட்கார்ந்து ரத்தம் குடித்துக் குடித்து ஆமணக்கு விதை அளவுக்கு ஊதுகிறது. ஊதியதும் கீழே விழுகிறது. கொட்டகைச் சுவரின் விரிசலிலோ குப்பைமேட்டு ஓரத்திலோ ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் புல் நுனிக்கு ஏறி, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு, பொன்னமராவதி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் மாதிரி மாட்டுக்காகக் காத்திருக்கின்றன. முட்டை ஒரு பெட்டி, குஞ்சு ஒரு பெட்டி, மாட்டின் மேல் இருப்பது ஒரு பெட்டி, தரையில் கிடப்பது ஒரு பெட்டி. ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு எந்த வேகத்தில் போகிறது, வழியில் எவ்வளவு சாகிறது என்று அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு அம்புக்கும் ஒரு எழுத்து வைத்தால் சமன்பாடு தயார். கடைசியில் பதில் தேட வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. ஒரு தாய் உண்ணி தனக்குப் பின்னால் சராசரியாக ஒரு தாய்க்கு மேல் விட்டுப் போகிறதா, குறைவாகவா? மேல் என்றால் பெருகும், குறைவு என்றால் பூண்டோடு ஒழியும். எந்த மருந்தை எப்போது போட்டால் அந்த எண் ஒன்றுக்குக் கீழே இறங்கும் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் நான் வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷங்கள்தான் பிரச்சினை. கல்யாணத்துக்கு முன்னால் பதிவு செய்தது. புதுக்கோட்டையில் கல்லூரி வேலை, கல்யாணம், கணவர் வளைகுடாவுக்கு விமானம் ஏறியது, எல்லாம் நடுவில் நடந்தன. பதிவுக் காலம் முடிந்து, நீட்டிப்பு முடிந்து, கடைசி நீட்டிப்பில் நின்றேன். அந்தக் கல்வியாண்டுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை என்றால் பதிவு ரத்து. செய்தது அத்தனையும் பழைய பேப்பர்தான். அந்த நேரம் பார்த்து என் நெறியாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்.

"சமன்பாடெல்லாம் அழகா இருக்கும்மா. ஆனா இதுல ஒரு மாடுகூட இல்லையே?"

இருந்தது. ஆனால் எல்லாம் வெளிநாட்டு மாடு. எங்கேயோ ஒரு குளிர்தேசத்துப் புல்லில் யாரோ எண்ணிய எண்களை நான் என் எழுத்துகளுக்குள் திணித்து வைத்திருந்தேன். "நம்ம ஊர் வெயில்ல, நம்ம ஊர் மாட்டுல எண்ணிட்டு வாங்க. அது பொருந்துச்சுன்னா அன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்" என்றார். அவருக்கென்ன, வாயால் சொல்லிவிட்டார். நான் டவுனில் வளர்ந்தவள். மாட்டை எனக்குப் பால் பாக்கெட்டின் மேல் இருக்கும் படமாகத்தான் நன்றாகத் தெரியும்.

ஆனாலும் எனக்கு ஒரு மாமியார் வீடு இருந்தது. பொன்னமராவதியிலிருந்து உள்ளே போகும் சாலையில், தைலமரக் காட்டைத் தாண்டி. அத்தையும் நாத்தனாரும் அங்கே இருக்கிறார்கள். அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு கறவை மாடு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். அத்தை அரிவாள்மனையில் இருந்து எழுந்தே விட்டார்.

"நம்ம மாட்டுல உண்ணியா? எவ சொன்னா?"

"யாரும் சொல்லலை அத்தை. எல்லா மாட்டுலயும் இருக்கும்ல. அதை எண்ணணும்."

"எண்ணி?"

"எண்ணி எழுதுவேன்."

"எழுதி?"

படிப்புக்காக என்றேன். படிப்பு என்ற வார்த்தைக்கு அத்தையிடம் எப்போதும் மரியாதை உண்டு. தெருவில் நாலைந்து வீடுகளில் அவரே பேசிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். பாதி மாடுகளுக்கு முதுகில் ஊற்றும் உண்ணி மருந்து போடுவது, எங்கள் வீட்டு மாடு உட்பட மீதிப் பாதிக்குப் போடாமல் விடுவது, ஞாயிறுதோறும் நான் போய் எண்ணுவது என்று ஏற்பாடு. தெருக்கோடியில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளையும் இருந்தது. அதன் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று அறிவியலுக்கு இன்றுவரை தெரியாது, தெரியவும் வேண்டாம்.

எண்ணுவதில் ஒரு முறை உண்டு. மாடு முழுக்க எண்ண வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் இருக்கிற பெரிய உண்ணிகளை எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். உலகத்தில் பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். இதை நான் தெருவுக்கே விளக்கினேன், ஆசிரியை அல்லவா, விளக்காமல் இருக்க முடியாது. வலப்பக்கம் பால் கறக்கும் பக்கம், அது மாட்டுக்காரர்களின் ராஜ்யம். நான் இடப்பக்கம் நின்றுகொண்டு, கொம்புக்கும் காலுக்கும் சம தூரத்தில் உடம்பை வளைத்து, காதோரம், கழுத்துத் தொங்கல், தொடை இடுக்கு என்று எண்ணினேன். முதல் ஞாயிறு நிறைய இருந்தது. என் சந்தோஷத்தைப் பார்த்து எதிர்வீட்டு அக்கா அத்தையிடம் ஏதோ கிசுகிசுத்தார்.

அடுத்தடுத்த வாரங்களில் எண்ணிக்கை இறங்கியது. மருந்து போட்ட மாடுகளில் இறங்கினால் சரி, அதற்குத்தானே மருந்து. மருந்தே போடாத மாடுகளிலும் இறங்கியது. அதுவும் என்ன இறக்கம்! என் கணக்குப்படி அந்த மாடுகளில் உண்ணி பெருகிப் பந்தல் போட்டிருக்க வேண்டும். வரைபடமோ சறுக்கு மரத்தில் வந்த மாதிரி கீழே வந்து படுத்துக்கொண்டது.

எனக்குச் சமன்பாட்டின் மேல் சந்தேகம் வந்தது. மாமியார் மேல் வரவில்லை. வெயிலில் குஞ்சுகள் காய்ந்து சாகின்றனவோ என்று ஒரு எழுத்தைக் கூட்டினேன். போதவில்லை. கோழி கொத்தித் தின்கிறதோ என்று கோழிக்கு ஒரு எழுத்து. மைனாவுக்கு ஒன்று. கண்மாய்க் கரையில் மாட்டோடு மாடாக நடக்கும் கொக்குக்கு ஒரு தனிச் சமன்பாடே எழுதினேன். அந்தக் கொக்குச் சமன்பாடு பார்க்க லட்சணமாக இருந்தது, எண்களும் ஓரளவு பொருந்தின. பெருமையோடு நெறியாளரிடம் நீட்டினேன். அவர் ஓரத்தில் பென்சிலால் ஏதோ பெருக்கிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒரு கொக்கு இவ்வளவு தின்னா அதால பறக்க முடியாதே?"

வெளியே வந்து கொக்கை அடித்தேன், சமன்பாட்டில்தான். கல்வியாண்டு பாதி போயிருந்தது. வகுப்பில் பிள்ளைகள் மேல் எரிந்து விழ ஆரம்பித்தேன். கணவர் வீடியோ காலில் வந்து "மாடு எப்படி இருக்கு?" என்று முதலில் விசாரித்ததற்காக அவர் மேலும் விழுந்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு, வழக்கமான பஸ்ஸுக்கு முந்தைய பஸ் கிடைத்துவிட்டது. முன்கூட்டியே போய் இறங்கினேன். தெருவுக்குள் நுழைந்தால் வாசல்களில் ஒரு பெண்பிள்ளையைக் காணோம். எல்லோரும் கொட்டகையில் இருந்தார்கள். ஒவ்வொரு மாட்டின் இடப்பக்கத்திலும் ஒரு பெண் குந்தியிருந்தார். கையில் கொட்டாங்குச்சி, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய். பேன் பார்க்கிற கவனத்தோடு உண்ணியைப் பிடுங்கிப் பிடுங்கி அதில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"ஏய், கணக்கு டீச்சர் வந்துருச்சுடி! முந்துன பஸ்ஸுல வந்துருச்சு!"

கொட்டாங்குச்சிகள் முதுகுக்குப் பின்னால் போயின. ஒருவர் மாட்டைத் தடவிக் கொடுக்கிற பாவனை செய்தார். நான் நேராக எங்கள் கொட்டகைக்குப் போனேன். அங்கே அத்தை. மாட்டின் தொடை இடுக்கில் இருந்து கையை எடுக்காமலே "வாத்தா, சாப்பிட்டியா?" என்றார்.

நான் மாட்டைச் சுற்றிக்கொண்டு, ஜென்மத்தில் முதல் முறையாக வலப்பக்கம் போனேன். காதில் இருந்து வால் வரைக்கும் உண்ணி. கொத்துக்கொத்தாக. இடப்பக்கம் துடைத்து வைத்தது போல் சுத்தம். முன் சுவருக்கு மட்டும் பெயின்ட் அடித்து மற்றதைச் செங்கலாகவே விட்ட வீடு மாதிரி நின்றது மாடு.

"இந்தப் பக்கம் ஏன் எடுக்கலை?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நீதானத்தா சொன்ன, அந்தப் பக்கம் எண்ணுறதில்லைன்னு. நேரம் பத்தல. எண்ணுற பக்கம் போதும்னு நான்தேன் எல்லாருக்கும் சொன்னேன்."

கத்தினேன். மாமியாரிடம் அப்படிக் கத்தக் கூடாதுதான், கத்தினேன். என் படிப்பே போச்சு, என்னை வைத்து விளையாடினீர்களா, கொக்குக்கெல்லாம் சமன்பாடு எழுதினேனே என்று அழுதுகொண்டே கத்தினேன். கொக்கு எங்கே வந்தது என்று அங்கே யாருக்கும் புரியவில்லை. எதிர்வீட்டு அக்காதான் வேலிக்கு அங்கிட்டு இருந்து சமாதானம் சொன்னார்.

"கோவிச்சுக்காதம்மா. நீ எண்ணிட்டுப் போயி காலேஜ்ல போர்டு போடுவியாமுல்ல, எந்த வீட்டு மாட்டுல எத்தனைன்னு? நாலு பேரு பாத்தா மானம் போயிராது?"

போர்டா? யார் சொன்னது என்று அத்தையைப் பார்த்தேன். அத்தை முந்தானையில் கையைத் துடைத்தார்.

"எழுதுவேன்னு நீதானே சொன்ன? பள்ளிக்கொடத்துல மார்க்க எழுதி ஒட்டுறதில்லையா? எதிர்வீட்டுல கொறைச்சலாவும் நம்ம வீட்டுல கூடவும் வந்தா, மாட்ட இந்த லெச்சணத்துல வச்சிருக்காளான்னு கேக்க மாட்டாளுவளா? வீட்டுக்கு ஆள் வருதுன்னா கூட்டிப் பெருக்கி வைக்கிறதில்லையா? அதேதான்."

அதேதான். விருந்தாளி வருவதற்கு முன் வீட்டைப் பெருக்குவதுபோல் என் வருகைக்கு மாட்டைப் பெருக்கி வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீடு சுத்தமாக இருக்கிறதே என்று அடுத்த வீடு இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பெருக்கியிருக்கிறது. என் வரைபடம் சறுக்கியதற்கு வெயிலும் காரணமில்லை, கொக்கும் காரணமில்லை.

நெறியாளரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, போட்டு, மறுபடி கழற்றிச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

"கெட்டுப் போகலைம்மா. கையால எடுக்கிறதும் கட்டுப்பாடுதான். முட்டை போடப்போற பெரிய உண்ணியாப் பாத்து எடுக்குறாங்க, அதைவிட என்ன வேணும்? வெட்கத்துக்கு ஒரு எழுத்து வைங்க" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "ஆனா ஒண்ணு. ஒப்பிட்டுப் பாக்க யாருமே கை வைக்காத மாடு ஒண்ணாவது வேணும். தொடர்ந்து எண்ணணும், உண்ணி உச்சத்துக்குப் போற வரைக்கும். அது இல்லைன்னா நான் கையெழுத்துப் போட முடியாது."

ஒரே ஒரு மாடு. நான் தெரு முழுக்கக் கேட்டேன். எதிர்வீட்டு அக்கா, கொழுந்தன் வீட்டு விசேஷம் வருகிறது, மாடு வாசலில் நிற்கும் என்றார். அடுத்த வீட்டில் மாடு சினை என்றார்கள். இன்னொரு வீட்டில் மாட்டை விற்கப்போவதாகச் சொன்னார்கள், அந்த மாடு இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. ஊரறிய உண்ணியோடு மாட்டைக் கட்டி வைக்கச் சம்மதிக்கிற வீடு அந்தத் தெருவில் இல்லை. அத்தையிடம் நான் கேட்கவே இல்லை. அவரிடம் கத்திய வாயால் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது, கேட்டாலும் மற்றவர்களைவிட அவருக்குத்தான் அதிகம் வலிக்கும் என்றும் தெரியும். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவரே பின்னால் வந்தார்.

"நம்ம மாட்டையே வச்சுக்க."

"அத்தை..."

"வச்சுக்கன்னா வச்சுக்க. காய்ச்சல் கீய்ச்சல் வந்தா மட்டும் சொல்லிப்புட்டேன், அன்னைக்கே மருந்து போட்ருவேன்."

கால்நடை மருத்துவரிடம் சொல்லி வைத்தேன். அவர் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டுப் போனார். மாடு நன்றாகத்தான் இருந்தது. அத்தைதான் சரியில்லை. மாட்டைத் தடவிக்கொண்டே இருப்பார், விரல் ஒரு உண்ணியின் மேல் பட்டதும் சுட்டதுபோல் கையை இழுத்துக்கொள்வார். பால் கறந்ததும் கையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிடுவார். ஒருநாள் கொட்டகையின் தெருப்பக்கம் பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார். காற்றும் வெயிலும் மாறினால் கணக்கு மாறும் என்று நான் இழுத்து இழுத்துச் சொன்னதும் அவிழ்த்துவிட்டார். எதிர்வீட்டு அக்காவுக்கு நல்ல பொழுதுபோக்கு. "டாக்டரம்மா வீட்டு மாடு முத்துமாலயெல்லாம் போட்டுருக்கு!" என்று போகிறபோதும் வருகிறபோதும் சொன்னார். பதிலுக்குப் பதில் கொடுக்காமல் அத்தை விட்டதாகச் சரித்திரமே கிடையாது. அந்த வாரங்களில் விட்டார்.

எண்ணிக்கை ஏறியது. என் பழைய சமன்பாடு, கொக்கு மைனா எல்லாம் சேர்ப்பதற்கு முந்தையது, சொன்ன கோட்டிலேயே ஏறியது. உச்சம் வரப்போவது இந்த ஞாயிறா அடுத்த ஞாயிறா என்று நான் துடித்துக்கொண்டிருந்தபோதுதான் நாத்தனாரைப் பெண் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அதுவும் அந்த வார ஞாயிறே. வரப்போவதும் மாடு கன்று வைத்திருக்கும் குடும்பம். வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்றால் கொட்டகையைத் தாண்டித்தான் நுழைய வேண்டும்.

முந்தின நாள் போனில் சொன்னேன். "அத்தை, மாட்டைச் சுத்தம் பண்ணிருங்க. ஒரு பொண்ணு வாழ்க்கையைவிட என் கணக்கு பெருசில்லை." மனதாரச் சொன்னேன் என்று சொன்னால் பொய். பாதி மனதோடுதான் சொன்னேன். அத்தை "நீ வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிறு காலையில் பட்டுச் சேலையில் போய் இறங்கினேன். கொட்டகையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். மாட்டைக் குளிப்பாட்டவில்லை. காதோரம் அப்படியே இருந்தது. அத்தை அடுப்படியில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தார். கொட்டகையைக் கடக்கும்போது நின்றார். மாடு வைத்திருக்கும் பெண்களின் விரல்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேசிக்கொண்டே கையை நீட்டி, காதடியில் இருந்த பெரிய உண்ணி ஒன்றை நகத்தால் நெம்பப் போனார்.

"தொடாதீங்க!"

அத்தைதான். வாசற்படியில் நின்று அவர் போட்ட சத்தத்தில் வந்தவர்கள் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அந்த அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. எதிர்வீட்டு அக்கா வேலியோரம் வந்துவிட்டார். நாத்தனார் சன்னலுக்குப் பின்னால் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன்.

அத்தை இறங்கி வந்தார். "கோவிச்சுக்காதீங்க. இது எங்க மருமகளோட படிப்புங்க. அந்தப் புள்ள ஒத்தையா வருசக்கணக்கா ஒழைச்சது. ஒண்ணு கொறைஞ்சாலும் கணக்கு கெட்டுப்போயிரும். வேணும்னேதான் எடுக்காம வச்சிருக்கோம்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ ஏன் நிக்கிற? எண்ணு."

"இப்பவா அத்தை?"

"பின்ன எப்ப?"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எண்ணினேன். சம்பந்தம் பேச வந்தவர்கள் அரைவட்டமாக நின்று பார்த்தார்கள். காது, கழுத்து, தொடை என்று முடித்து எண்ணைச் சொன்னேன். என் ஆய்வேட்டின் வரைபடத்தில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிற புள்ளி அன்றைக்கு எண்ணியதுதான்.

"அதுக்குள்ளயா?" என்றார் அத்தை. "வாலுக்கு அடியில பாத்தியா?"

பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்த அவசரத்தில் அந்த இடத்தை விட்டுவிட்டேன். அத்தனை பேருக்கு முன்னால், பெண் கேட்டு வந்தவர்களுக்கு முன்னால், எதிர்வீட்டு அக்காவுக்கு முன்னால், அத்தை தானே வாலைத் தூக்கிப் பிடித்தார். அடியில் இன்னும் ஒரு கொத்து இருந்தது.

"இந்தா கெடக்கு பாரு. ஒண்ணு விடாம எண்ணு."

எனக்குக் கண் கலங்கி எண்ணிக்கை தவறிவிட்டது. முதலிலிருந்து எண்ணினேன். முடிக்கிற வரைக்கும் அத்தை வாலை விடவில்லை.